சில நாள்

நோட்டரி திரவியம் மேசைக் கண்ணாடிக்கு அடியில்
ஒரு முருகன், மகள் கல்யாணம், பழைய பேங்க் காலண்டர்.
"என்ன வியாதிம்மா உங்களுக்கு?"
ஒன்றுமில்லை. கொஞ்சம் சுகர்.
இருபத்தாறு வருஷம் வீடு வீடாக
கரண்ட் ரீடிங் எடுத்த முழங்கால்.
"அப்புறம் எதுக்கு இப்பவே?"

சொன்னால் டீ ஆறிவிடும் சார்.
ஆறட்டும் என்றார்.

மாட்டுத்தாவணிப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
என் அண்ணன் சோலைமலை, ஒன்றரை வயது மூத்தவன்,
செல்லூரில் தறிச் சத்தத்துக்கு மேலே
கத்திப் பேசியே பழகியவன்,
தொண்டையில் குழாயோடு படுத்திருந்தான்.
பத்தொன்பது நாள் அவன் மூச்சை மிஷின் விட்டது.
சீராக விட்டது.
அதைத்தான் பார்க்க முடியவில்லை.
ஒரு நாளும் எதையும் சீராகச் செய்தவனில்லை அவன்.

இருபதாம் நாள் டாக்டர், சின்னப் பெண்,
எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டாள்:
"அவரால பேச முடிஞ்சா என்ன சொல்லுவாரு?"

ஏழு பேர் நின்றோம்.
ஏழு சோலைமலை வந்தார்கள்.
பெரியவன் தவமணியின் அப்பா
கடைசிவரை விடாமல் மல்லுக்கட்டுகிறவர்.
சின்னவன் பாண்டீஸ்வரனின் அப்பா
படுக்கையில் மூத்திரம் போகிற நாளுக்கு முன்னால்
போய்ச் சேரணும் என்று
ஒரு தீபாவளிக் காலையில் சொன்னவர்.
மதினி சொன்னாள்,
"அவருக்கு ஆட்டுக்கால் சூப்புன்னா உசிரு."
டாக்டர் அதையும் எழுதிக்கொண்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.
ஊரில் பாதி வீட்டு யூனிட் எனக்கு மனப்பாடம்.
அண்ணனிடம் இதைக் கேட்டதே இல்லை.

முப்பத்தோராம் நாள்
யாரையும் கேட்காமல் இதயம் நின்றது.
இரண்டு தறி விற்றது தனிக் கதை, அதை விடுங்கள்.
தத்தனேரியில் கலயம் உடைக்கும்போது
"நீதான் அப்பாவ போட்டுப் படுத்தின" என்றான் சின்னவன்.
"நீ கொல்லப் பாத்தவன்தானே" என்றான் பெரியவன்.
இரண்டுமே பாசத்தில் வந்த பேச்சு.
இன்றைக்கும் ஒரே தெரு, எதிரெதிர் வாசல்.
ரீடிங் எடுக்கப் போனால்
இரண்டு வீட்டிலும் காபி குடித்தாக வேண்டும் நான்.

சாவுக்குப் பயந்து எழுதவில்லை சார்.
வராந்தாவில் நிற்கப்போகிறவர்களுக்குப் பயந்து.

திரவியம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கரண்டு ஆபீஸ்காரங்க... ஃபியூஸைப் புடுங்குற மாதிரின்னு..."
அப்படிச் சொல்லாதீங்க.
ஃபியூஸ் பிடுங்கக் கூடப் போயிருக்கிறேன்.
இருட்டிலிருந்து ஒரு பிள்ளை
கணக்கு நோட்டோடு வாசலுக்கு வந்து பார்க்கும்.
அது வேறு கை.
இது என் கை.

டைப் அடித்த பெண் படித்துக் காட்டினாள்:
மீள வழியில்லை என்று டாக்டர்கள் சொன்னால்
மிஷினில் சில நாள் பார்க்கலாம், அப்புறம் வேண்டாம்.
வலிக்கு மருந்து தாராளமாக.
வாய் காய்ந்தால் ஈரத்துணி.
"தாராளமா'ங்கிறது சட்டத்துல வராதுக்கா."
இருக்கட்டும் என்றேன்.

முதல் சாட்சி ஜான்சி, என் செக்‌ஷன்.
இரண்டாம் சாட்சி டீக்கடை ரபீக்.
கையெழுத்துக்கு முன் முழுசாகப் படித்தவர்
அவர் ஒருத்தர்தான்.
"மனசு மாறிட்டா?"
கிழிச்சிட்டு வேற எழுதலாம்ணே.
"அப்பச் சரி" என்று
பேனாவைக் காதிலிருந்து எடுத்தார்.

மகள் மோனிஷா தாளைத் தொடவே இல்லை.
"கோயில்ல கொடியேறின வாரத்துல
இதென்னம்மா பேச்சு."
ரேஷன் கார்டு கவரில்
கேஸ் புத்தகத்தோடு சொருகி வைத்தேன்.
அவள் அலுமாரியைச் சுற்றிப் போனாள் சில நாள்,
உள்ளே பாம்பு இருக்கிற மாதிரி.

பிறகு ஒரு ராத்திரி கரண்ட் போனது.
ஆபீசுக்குப் போன் போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
செல்போன் வெளிச்சத்தில்
தாளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"சில நாள்'னு போட்டிருக்கம்மா.
சில நாள்னா எத்தன நாள்?"

எனக்குத் தெரியவில்லை.
பாயில் நகர்ந்து
இடம் விட்டேன்.